மூன்றாம் ஆளுக்குப் போகும் செய்தி

பிரபு,

இதை நின்றுகொண்டே படிக்காதே. லிஃப்டில் போகும்போது பாதி, சாப்பிடும்போது மீதி என்று நீ படிக்கிற வழக்கம் எனக்குத் தெரியும். எங்காவது உட்கார். நீ சிங்கப்பூர் போய்ச் சேர்ந்து, அறை பார்த்து, நான் கட்டிக் கொடுத்த ரசப்பொடி டப்பாவைத் திறக்கத் தெரியாமல் திறந்து தரையெல்லாம் கொட்டி முடித்த பிறகுதான் இது உன்னிடம் வரும் என்று நினைக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் தாளில் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எழுத்து சரியில்லை என்றால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதற்கு முன் என் போனில் உன் கம்பெனியின் பணம் கட்டுகிற புது ஆப்பை ஏற்றிவிட்டுப் போனாய். 'பிரபு உங்களைத் தன் குடும்பக் கணக்கில் சேர அழைக்கிறார்' என்று திரையில் நின்றது. கீழே ஏற்கிறேன் என்று ஒன்று, மறுக்கிறேன் என்று ஒன்று. ஏற்கிறேன் என்பதைப் பச்சையில் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். மறுக்கிறேன் என்பதைச் சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு நான் இரண்டையும் தொடவில்லை. கடை பெஞ்சுக்கு அடியில் நீ வைத்துவிட்டுப் போன நோட்டீஸ் கட்டும் பிரிக்காமல் கிடந்தது. 'அப்பா எப்போதும் உன் கூடவே' என்று தலைப்பு, ஒரு பெண் சிரித்துக்கொண்டு போனைப் பார்க்கிறாள். எதிரே இருக்கிற ஹாஸ்டல் பெண்களுக்கு நான் கொடுக்க வேண்டும், முதலில் நம் கடைப் பக்கம்தான் இதை ஓட்டிப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னாய். இன்று கட்டைப் பிரித்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, தாளும் கெட்டி. அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா பழைய ஆள், இதெல்லாம் பிடிக்காது என்று நீயே முடிவு கட்டிவிடுவாய். எனக்கு ஸ்கேன் செய்து பணம் வாங்குவது பிடிக்கும். காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் வந்து நிற்கிற நேரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறவர்களை நீ பார்த்ததில்லை. சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுத்து, அதற்கு அவர்கள் முறைத்து, பஸ்காரர் ஹாரன் அடித்து, நம் கடை வாசல் தினமும் ஒரு பஞ்சாயத்தாக இருக்கும். கிழிந்த நோட்டை நல்ல நோட்டுக்குள் மடித்துக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியாகச் சிரித்தவர்கள் உண்டு. நீ அந்த ஸ்கேன் அட்டையைக் கொண்டுவந்து ஒட்டிய பிறகு அதெல்லாம் ஓய்ந்தது. அதற்கு உனக்கு நன்றி சொல்லியிருக்கிறேனா என்று ஞாபகமில்லை. இப்போது சொல்கிறேன்.

பணம் வந்ததும் கத்துகிற பெட்டியோடு மட்டும் உன் அப்பாவுக்குச் சில நாள் ஒத்துப்போகவில்லை. "இன்னாடி இது, என்னாண்ட ஒரு வார்த்த கேக்காம அதுபாட்டுக்குக் கத்திக்கினே கீது" என்பார். இப்போது அது கத்தாவிட்டால் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியையே பார்க்கிறார். எனக்கு அதில் வேறு ஒரு கஷ்டம். சீட்டுப் பணம் வசூலிக்க வருகிற மனுஷர் நம் தகர நிழலில் நின்று ஒரு டீயை ரொம்ப நேரம் குடிப்பார். முன்பெல்லாம் அவரிடம் "இன்னிக்கு வியாபாரமே இல்லண்ணே, நாளிக்கு வாங்க" என்று சொல்ல முடிந்தது. இப்போது நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன், பணத்தைக் கொடுத்துவிடுவேன். அப்போது அதை ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்தேன். வாங்குகிறவளுக்கும் கொடுக்கிறவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் காது கொடுத்து நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஹாஸ்டல் பெண்களைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

அந்த ஹாஸ்டலைப் பற்றி உனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வல்லக்கோட்டை ரோட்டில் நம் கடைக்கு எதிரே கல்யாண மண்டபமாகக் கட்டி, கல்யாணம் வராமல், ஹாஸ்டலாக மாறிய கட்டடம். போன் தயாரிக்கிற கம்பெனியிலும் கார் ஒயர் பின்னுகிற கம்பெனியிலும் வேலை செய்கிற பெண்கள். பாதிப் பேர் தென் மாவட்டம். எல்லாரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், என் வயதுக்கு அது கொஞ்சம் அதிகப்படியான சலுகை, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இவர்களில் நிறையப் பேருக்குக் கையில் நல்ல போன் இருக்கிறது, அதில் பணம் மட்டும் கட்ட முடியாது. ஏனென்றால் பேங்க் அக்கவுண்ட் பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்காக ஊரில் ஆரம்பித்தது. அதில் கொடுத்த நம்பர் அப்பாவுடையது. வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சிக்காரர்கள் இருக்கிற அக்கவுண்ட்டையே கொடு என்று வாங்கிக்கொண்டார்கள். நம்பரை மாற்றலாம் என்றால் ஊருக்குப் போக வேண்டும், போனாலும் மாற்றட்டுமா என்று கேட்டு வருகிற ஓடிபி எண் அப்பாவின் போனுக்குத்தான் வரும். ஏடிஎம் கார்டு மட்டும் பெண்ணின் கையில். அவள் இங்கே பணம் எடுத்தால் தென்காசிப் பக்கம் ஒரு வயலில் அப்பாவின் சட்டைப் பையில் சத்தம் கேட்கும்.

கோமதி என்று ஒருத்தி. சாயந்தரம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே நம் கடைக்கு வந்து வடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஹாஸ்டலுக்குப் போவாள். ஒரு நாள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள், இரண்டு கையிலும் பை. அவள் அப்பா எடுத்த எடுப்பில் கேட்டார்: "ஏட்டி, திங்கக்கெழம ரூவா எடுத்த. வியாழக்கெழம மறுபடி எடுத்திருக்க. அங்கன ஒனக்கு என்ன சோலி?"

"மெஸ்ஸுக்குப்பா. பெறவு பஸ்ஸுக்கும் வேணும்லா" என்றாள் இவள். சொல்லும்போது என் கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், சுவரில் ஒரு காலண்டரைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த அப்பா கெட்டவர் இல்லை. அடுத்த வரியிலேயே சாப்பிட்டியா, தலைக்கு எண்ணெய் வைத்தியா என்று கேட்கிற மனுஷர்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அவர் அப்படிக் கேட்கவில்லை. பதில் கிடைத்ததும் வைத்துவிட்டார். ரூபாய் எங்கே போகிறது என்று தெரிந்தால் மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்ததாக அவருக்கு ஒரு நிம்மதி.

இந்தப் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவர்களில் மேரி என்று ஒருத்தி, மதுராந்தகம் பக்கம். அப்பா இல்லை, அம்மாவுக்குப் போன் இயக்கத் தெரியாது, குடும்பத்தையே இவள்தான் பார்க்கிறாள். அதனால் அக்கவுண்ட்டும் அவளுடையது, நம்பரும் அவளுடையது. மற்றவர்கள் மெஸ்ஸுக்கு என்று சொல்லி ஒரே தடவையாகப் பணம் எடுத்து அதில் ஒரு பங்கை மேரி கையில் கொடுத்துவிடுவார்கள். மேரி அதைப் பணம் போடுகிற மெஷினில் போட்டுவிட்டு, யாருக்கு எது வேண்டுமோ தன் போனில் கட்டுவாள். ரீசார்ஜ், துணி, டாக்டர் ஃபீஸ், தங்கச்சியின் பிறந்தநாளுக்கு கேக். ஹாஸ்டலில் அவளுக்குப் பெயரே பேங்க் மேரி. ஊருக்கு மெஸ் என்று மட்டும்தான் தெரியும். அதில் தப்புக் காரியம் எதுவும் இல்லை, நான் பார்த்தவரை. இரண்டு ஜாக்கெட் அதிகம் தைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

கோமதி மேரி வழியாகக் கட்டியது ஃபோர்க்லிஃப்ட் பயிற்சிக்கு. ஒரகடத்தில் கிடங்குகள் பெருகிவிட்டன இல்லையா, பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தால் கம்பெனி லைனில் நின்று பாகம் பூட்டுவதைவிட நல்ல சம்பளம். லைனில் நின்று நின்று அவளுக்குக் கால் வீங்கும். பயிற்சிப் பள்ளியில் ரொக்கம் வாங்கமாட்டார்கள், எல்லாம் போனில்தான். ஊரிலோ தை மாதம் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அதுவரை பெண் கம்பெனியில் இருக்கட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். வண்டி ஓட்டப் போகிறேன் என்றால் அன்றைக்கே ரயில் டிக்கெட் போட்டுக் கூப்பிட்டுக்கொள்வார் அப்பா. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு சொல்லலாம் என்பது இவள் கணக்கு. கடைசித் தேர்வுக்குக் கட்ட வேண்டிய சமயத்தில் மேரியின் அக்கவுண்ட்டைப் பேங்கில் முடக்கிவிட்டார்கள்.

அன்றைக்கு மேரி கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தவள் டீயைத் தொடவில்லை. "அக்கா, ஒருத்திக்கு இம்மாம் ரொக்கம் எங்கேர்ந்து வருதுன்னு கேக்கறாங்க. யார் யார் துட்டு குடுத்தாங்கன்னு பேரு, அக்கவுண்ட் நம்பரு எல்லாம் எழுதிக் குடுக்கணுமாம். பேங்க்லேர்ந்து அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு ரிலீஸ் பண்ணுவாங்களாம்."

"எழுதிக் குடுத்துட வேண்டியதுதானடி? நீ இன்னா திருடிட்டியா?"

"போன் எந்த நம்பருக்குப் போவும்? பேங்க்ல கீற நம்பருக்குத்தான போவும்? அது அத்தினியும் அவங்க அப்பனுங்க நம்பருக்கா."

அவள் எழுதிக் கொடுக்கவில்லை, பிரபு. அவள் சம்பளமும் அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது. ஊரில் அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும். பெயர்களை எழுதினால் மறுநாளே பணம் கைக்கு வரும். ஹாஸ்டல் பெண்கள்கூட எழுதிவிடு என்றுதான் சொன்னார்கள், கோமதி உள்பட. மேரி மாட்டேன் என்றுவிட்டாள். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துபோகிறது. அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ இந்தத் துறையில் இருக்கிறாயே, ஏதாவது சொல்வாய் என்று.

நீ சொன்னது தப்பில்லை. "அம்மா, சிஸ்டம் சரியாத்தான் பண்ணியிருக்கு. திருட்டுப் பணத்தைக் கைமாத்தறவங்க இப்படித்தான் ஊர்ப் பணத்தை எல்லாம் ஒருத்தர் அக்கவுண்ட்ல போட்டு எடுப்பாங்க. அந்தப் பொண்ணுங்க ஏன் அவங்கவங்க அக்கவுண்ட்லேர்ந்தே கட்டக்கூடாது?" என்றாய். அதுல அப்பன் நம்பர் கீதுடா, இவளுங்களால கட்ட முடியாது என்றேன். "அவ்வளவுதானா?" என்றாய். உன் குரலில் ஒரு வெளிச்சம் வந்தது, சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு எந்த ஒயர் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்ததும் வருமே, அது. நான் பாதிதான் சொன்னேன். அவர்களால் கட்ட முடியவில்லை என்பதைச் சொன்னேன், யாரும் பார்க்காமல் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதற்குள் உனக்கு மீட்டிங்.

கோமதியின் தேர்வுப் பணத்தை நானே என் போனில் கட்டினேன். அவள் ரொக்கமாக என் கையில் கொடுத்துவிட்டாள். உன் அப்பா பாய்லர் பக்கம் நின்றார், கடையில் கூட்டமில்லை, மேரிதான் எந்தக் கட்டத்தை அழுத்த வேண்டும் என்று காட்டினாள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, உன் போன் வந்தது. என் அக்கவுண்ட்டை நீதான் ஆரம்பித்துக் கொடுத்தாய், அதில் உன் மெயிலைக் கொடுத்திருக்கிறாய், நான் எங்கே எவ்வளவு கட்டினாலும் உனக்கு ஒரு தகவல் வரும். அது எனக்குத் தெரியும், ஆனால் அதுவரை அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

"அம்மா, ஃபோர்க்லிஃப்ட் ஸ்கூலுக்கு நீ எதுக்குப் பணம் கட்டின? யாராவது லிங்க் அனுப்பினாங்களா? சொல்லும்மா, உடனே கம்ப்ளெய்ன்ட் பண்ணா நிறுத்திடலாம்."

"அப்பாவுக்குத் தெரிஞ்ச பையன்டா. அவன் போன் வேல செய்யல. கைல துட்டு குடுத்துட்டான், கட்டிட்டேன்."

பாய்லர் பக்கத்திலிருந்து "எந்தப் பையன்டி?" என்றார் உன் அப்பா. நான் கையைக் காட்டி அடக்கினேன். நீ சரிம்மா, இனிமே என்கிட்ட கேட்டுட்டுக் கட்டு என்று சொல்லிவிட்டு வைத்தாய். போனைக் கீழே வைத்த பிறகுதான் கவனித்தேன், நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தேன். அதே காலண்டர். மேரி டம்ளர்களை எடுத்துக் கழுவப் போட்டாள். ஐம்பது வயது தாண்டி, சொந்தக் கடையில், சொந்த அக்கவுண்ட்டில் கட்டிய பணத்துக்கு நான் பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லிக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. கோபம் உன் மேல் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். உன் மேலும்தான்.

பிறகு நீ கிளம்புவதற்கு முன் வந்தாய், நோட்டீஸ் கட்டோடு. அன்றைக்கு நான் சொன்னதிலிருந்துதான் இந்த யோசனை வந்தது, ஆபீஸில் எல்லாரும் உங்கள் அம்மாவுக்கு நன்றி சொன்னார்கள் என்றாய். அப்பாவின் நம்பரில் இருக்கிற அக்கவுண்ட்டிலிருந்தே மகள் தன் போனில் கட்டலாம், பேங்குக்குப் போக வேண்டாம், நம்பர் மாற்ற வேண்டாம், மேரி மாதிரி யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை.

"கணக்குல மேல கீறவங்களுக்குத் தெரியாம, கீழ கீறவங்க செலவு பண்ண வழி கீதாடா?"

"தெரியாம எதுக்கும்மா பண்ணணும்? அதுதாம்மா இதோட ஸ்பெஷலே. யாரு, எங்க, எவ்வளவு, எல்லாம் அந்த நிமிஷமே வந்துடும்."

நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. அதே கையோடு என் போனையும் வாங்கி, "நீயும் இதுல சேர்ந்துடும்மா. இடுப்பு வலியோட கடையை எதுக்குக் கட்டிக்கிட்டு அழற? மூடிடு. என்ன வேணுமோ ஸ்கேன் பண்ணு, என் அக்கவுண்ட்லேர்ந்து போயிடும்" என்றாய். உன் அப்பா அன்று ராஜா மாதிரி தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

உன் பக்கத்து நியாயத்தையும் நான் மறக்கவில்லை. கரண்ட் பில் கட்டவில்லை, இன்றைக்கே கட் பண்ணிவிடுவோம் என்று ஒரு மெசேஜ் வந்து நான் அதைத் தொடப்போன சமயம் நீதான் தடுத்தாய். ஹாஸ்டலில் ஒரு பெண் வீட்டிலிருந்தே வேலை என்று எவனோ அனுப்பியதை நம்பி, மேரியிடம்கூடச் சொல்லாமல், சேர்த்ததை எல்லாம் விட்டாள். அவள் அப்பாவுக்கு அந்த நிமிஷமே தெரிந்திருந்தால் ஒருவேளை மிஞ்சியிருக்கும். பார்த்துக்கொண்டிருப்பவர்களால் நல்லதும் நடக்கிறது. அதனால்தான் இதை ஒரே வரியில் எழுதி முடிக்க முடியவில்லை.

யாரும் பார்க்க வேண்டாம் என்றால் ரொக்கம் வைத்துக்கொள்ளட்டுமே என்பாய். ரொக்கம் எங்கே இருக்கிறது? நம் கடை முனையில் இருந்த ஏடிஎம்மை எடுத்துவிட்டு அங்கே எவனோ மோமோ கடை வைத்திருக்கிறான். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை கோயிலில் கூட்டம் சேர்ந்து டவர் திணறும்போது பார், முழு வரிசையிலும் ஒரு பத்து ரூபாய்த் தாள் இருக்காது. எல்லாரும் போனை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், முருகனுக்கே ஸ்கேன் செய்வது போல. இன்னும் கொஞ்ச காலத்தில் போனும் வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும், நெட் இல்லாமலே தொட்டால் போதும், அரசாங்க ரூபாயே போனுக்குள் வந்துவிடும் என்று நீ பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதை எல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கம்பெனி கேட்டில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிட்டு, உள்ளே கழுத்தில் தொங்குகிற கம்பெனி அட்டையைக் காட்டித்தான் இப்போதே இந்தப் பெண்கள் டீ குடிக்கிறார்கள். யார் எத்தனை டீ குடித்தாள் என்று ஆபீஸுக்குத் தெரியும். "அடிக்கடி டீக்குப் போறியே, லைன யாரு பாத்துக்குவா?" என்று சூப்பர்வைசர் கேட்டாராம். எது வந்தாலும் மூன்றாவது ஆள் ஒருவர் கூடவே வந்துவிடுகிறார். நோட்டுக்கு அந்தக் குணம் இல்லை. நான் ஒரு பெண்ணுக்கு நாப்கின் விற்றால் அவளுக்கும் எனக்கும் தெரியும், அதோடு சரி. நோட்டு போகப்போகிறது என்றால் போகட்டும், நான் அழப்போவதில்லை. அது செய்த அந்த ஒரு வேலையை உங்கள் ஆப்களில் எது செய்யப்போகிறது என்றுதான் கேட்கிறேன். திருடர்களும் அதில்தான் புகுவார்கள் என்பாய். புகுவார்கள். சின்னத் தொகைக்கு மட்டும் வைக்கலாமா, பெண்ணுக்கு இத்தனை வயதானால் அப்பாவுக்குத் தகவல் நிற்கும் என்று வைக்கலாமா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததற்குத்தான் உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

மேரியின் அக்கவுண்ட் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்துவிட்டு, ஒரு நாள் தானாகத் திறந்துகொண்டது. ஏன் மூடினார்கள் என்று எழுதித் தந்தார்கள், ஏன் திறந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கோமதி தேறிவிட்டாள். ஒரகடத்தில் ஒரு கிடங்கில் சேர்ந்திருக்கிறாள். இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ கிளம்பிய மறுநாள் கோமதி தன் அப்பாவிடம் சொன்னாள். நம் கடை பெஞ்சில் உட்கார்ந்து, என்னையும் மேரியையும் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். கம்பெனியை விட்டதை, லைசென்ஸ் எடுத்ததை, வண்டி ஓட்டுவதை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். இப்போது கத்தப்போகிறார், டிக்கெட் போடுகிறேன் என்று சொல்லப்போகிறார் என்று நாங்கள் மூன்று பேரும் போனையே பார்த்தோம்.

"ரூவா கெட்டினியா? எனக்கு மெசேஜே வரலையேட்டி" என்றார்.

"வராதுப்பா."

பிறகு கேட்டார்: "வண்டி ஓட்டையில பெல்ட்டு போட்டுக்கிடுவியா?"

கோமதிக்கு அழுகை வந்துவிட்டது. போடுவேம்ப்பா, போடாம ஓட்ட விடமாட்டாங்கப்பா என்று அழுதுகொண்டே சொன்னாள். வண்டி எவ்வளவு உயரம், மழையில் ஓட்டணுமா, மதியம் எங்கே சாப்பிடுகிறாய் என்று அவர் ஒன்று ஒன்றாகக் கேட்டார். கோபம் இன்னும் இருக்கிறது அவருக்கு, தை மாதப் பேச்சும் முடிந்துவிடவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் கேட்டது எதற்கும் விடை அவர் சட்டைப் பையில் இல்லை, மகளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அவர்கள் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

அன்று மாலை உன் அழைப்பில் மறுக்கிறேன் என்பதை அழுத்திவிட்டேன். உனக்குத் தகவல் வந்திருக்கும், நான் கை தவறி அழுத்தியிருப்பேன் என்று நினைத்திருப்பாய். கை தவறவில்லை. கடையை மூடவில்லை, இடுப்பு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறேன். நோட்டீஸைக் கொடுக்கப்போவதில்லை. உன் கம்பெனிக்கு வேறு கடைகள் கிடைக்கும், வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை, என் கையால் கொடுக்கமாட்டேன் என்கிறேன். நீ எனக்குப் பணம் அனுப்ப ஆசைப்பட்டால் அனுப்பு, வாங்கிக்கொள்கிறேன், பெருமையாக வாங்கிக்கொள்வேன். வந்த பிறகு அது என்னுடையது.

வெள்ளிக்கிழமை பேங்குக்கும் போய்வந்தேன். என் அக்கவுண்ட்டில் இருக்கிற உன் மெயிலை எடுத்துவிடுங்கள் என்றேன். கவுண்ட்டரில் இருந்த பெண் தயங்கி, "பையனோட ஏதாவது பிரச்சனையா மேடம்?" என்றாள். "இல்லம்மா, ரொம்ப நல்ல பையன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, ஆனால் எடுத்துவிட்டாள். முன்பெல்லாம் ஊரில் இல்லாவிட்டால் தினமும் போன் செய்து கடை எப்படி ஓடியது, என்ன சமையல், இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று கேட்பாய். தகவல் வர ஆரம்பித்ததிலிருந்து நீ கேட்பதில்லை. மருந்துக்கடையில் நான் பணம் கட்டியதைப் பார்த்துவிட்டு, அம்மா மாத்திரை வாங்கிவிட்டாள் என்று தெரிந்துகொண்டு தூங்கப் போயிருப்பாய். வாங்கிய மாத்திரையை நான் போட்டுக்கொண்டேனா என்று உனக்கு யாரும் செய்தி அனுப்பவில்லை. இனி எந்தச் செய்தியும் வராது. நான் எப்படி இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமானால் நீ போன் செய்து கேட்க வேண்டும், பிரபு. நான் எடுப்பேன்.

கடையிலிருந்து,
அம்மா